ஸ்குவாட் அடிக்கும் பெடியனின் மணிக்கட்டையும் பாருங்கள்

திருகோணமலையில் ஜிம் நடத்துபவர்களுக்கும் அங்கே பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்மாருக்கும்,

வணக்கம். முழங்கையின் உட்பக்கம் நோகுது என்று வந்து நிற்கும் பெடியன்களை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பழி உடனே பெஞ்ச் பிரஸ் மேல் விழும், இல்லாவிட்டால் புல் அப் மேல். நோவு அங்கேதான் தெரிகிறது, உண்மை. ஆனால் பலருக்கு அது ஸ்குவாட்டில், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பாரை) முதுகில் வைத்துக் குந்தி எழும் பயிற்சியில், தொடங்குகிறது. ஸ்குவாட்டைக் கால் பயிற்சி என்று நினைப்பதால் கையை யாரும் கவனிப்பதில்லை.

பாரைத் தாழ்வாக, தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே வைத்து அடிப்பவர்களுக்கே இது அதிகம். அப்படி வைக்கும்போது பாரத்தை முதுகுதான் சுமக்க வேண்டும். பார் வழுக்காமல் பிடித்திருப்பது மட்டும்தான் கையின் வேலை. தோள் இறுகிப்போன ஒருவரைக் கையை ஒடுக்கிப் பிடிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? மணிக்கட்டு பின்னால் மடியும், முழங்கை பாருக்கு அடியில் போகும், பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகள் பல, முழங்கையின் உட்புற எலும்பு முனையில் ஒரே தசைநாணாகச் சேர்கின்றன. ஒவ்வொரு செட்டிலும் அடி வாங்குவது அந்த நாண். தசையைவிட நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான்.

நம்முடைய ஊரில் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். விடிய கரைவலை இழுத்துவிட்டுப் பின்னேரம் ஜிம்முக்கு வருகிறவனின் அதே நாண் காலையிலேயே களைத்துப்போயிருக்கும். அவனிடம் முதலில் என்ன தொழில் என்று கேளுங்கள்.

அப்புறம் பக்கவாட்டில் நின்று அவன் பார் பிடிப்பதைப் பாருங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எடையைக் கழற்றிவிட்டு, வெறும் 20 கிலோ பாரில் பிடியை மாற்றுங்கள். கைகளை விரல் விரலாக அகட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மணிக்கட்டு தானாக நிமிரும். அதுதான் அவனுடைய பிடி. போட்டிப் பார்களில் 81 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் வளையக் கோடுகள் பவர்லிஃப்டிங் போட்டியில் பெஞ்ச் பிரஸ் பிடிக்கு எல்லை காட்டுபவை; ஸ்குவாட்டில் அந்தக் கோட்டுக்கு வெளியே பிடிப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. பெருவிரலையும் மற்ற விரல்களோடு பாரின் மேலேயே வைக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டு மடிவது இன்னும் குறையும். முழங்கையைப் பின்னால் உயர்த்தித் தள்ளச் சொல்லி அதட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்படியும் நோகிறதா, பாரைக் கழுத்துக்குக் கீழேயுள்ள தசைமேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். தோள் அவ்வளவு திரும்பத் தேவையில்லை. உடம்பு நிமிர்ந்து நிற்கும், எடையைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரும். பெடியனுக்கு அது பெரிய மானப்பிரச்சினை. பக்கத்தில் நிற்பவன் அதே எடையை அடிக்கும்போது தான் பிளேட் கழற்றுவது அவனுக்குச் சுடும். அந்த இடத்தில் மாஸ்டர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. முன்பக்கம் கைப்பிடி வைத்த ஸ்குவாட் பார் ஒன்று வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கி வையுங்கள், அதில் தோளுக்கு வேலையே இல்லை.

தைலம் பூசி, மாத்திரை போட்டு, முழங்கைப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதே பிடியில் தொடர விடாதீர்கள். நோவு மறையும், நாண் தேய்ந்துகொண்டே இருக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்கிறது என்று ஒருவன் சொன்னால் அது நரம்புச் சங்கதி. பயிற்சியை நிறுத்தி அவனை வைத்தியரிடம் அனுப்புங்கள்.

ஒவ்வொருவருடைய அட்டையிலும் எடை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் பிடியின் அகலத்தையும் குறித்து வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் வேறு மாஸ்டர் வந்தாலும் அவனுடைய கை சரியான இடத்திலேயே இருக்கும்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து உங்களில் ஒருவன்