தாடியின் கேள்வி

அன்புள்ள வாத்தியாரே,

பதில் போடவில்லை என்று நீ திட்டி எழுதியதும் வந்து சேர்ந்தது. நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

இப்போது எழுத உட்கார்ந்தது நம்ம சிநேகிதன் தாடிக்காக. அவன் பேத்திக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்பது உனக்குத் தெரியும். முடியும் தோலும் வெளுத்திருப்பதைப் பார்த்து டாக்டர் மரபணுச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவு வந்துவிட்டது. நிறமிச் செல்கள் வளரத் தேவையான எம்ஐடிஎஃப் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் பிழை. ராத்திரி போன் போட்டு ஒரே கேள்வி கேட்டான்: "இன்னொண்ணு நல்லாத்தானேடா இருக்கு? அது போதாதா?"

"உயிரியல்னா பேர் மனப்பாடம், கணக்கே கிடையாது" என்று என்னை ஓட்டுவாயே, இந்தக் கேள்விக்குப் பதில் முழுக்க உன் பெருக்கல்தான்.

அந்த மரபணுவைப் பார்த்து உடம்பு செய்கிற புரதத்தின் வேலை மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுவது. அதற்கு டி.என்.ஏ.யில் சரியான இடம் பார்த்து உட்கார வேண்டும். தனியாக உட்காராது, ஜோடியாகத்தான். ஒரு ஆள் படிப்பது சி-ஏ-சி என்று மூன்றே எழுத்து. டி.என்.ஏ.யில் இருப்பதே ஏ, சி, ஜி, டி என்று நான்கு எழுத்து என்பதால் அது 64 இடத்துக்கு ஒன்று தற்செயலாகவே வரும். நம் டி.என்.ஏ.யின் 300 கோடி எழுத்தில் நாலரைக் கோடிக்கு மேல்! எங்கே என்று போய் உட்காரும்? டி.என்.ஏ. இரட்டை இழை, ஏ-க்கு எதிரே டி, சி-க்கு எதிரே ஜி. கூட்டாளி எதிரிழையில் அதே மூன்றைப் படிக்கும்போது சேர்ந்து சி-ஏ-சி-ஜி-டி-ஜி ஆகிறது. எதிரிழையை அதன் போக்கில் படித்தாலும் அதே ஆறெழுத்துத்தான், இழை மாறிய விகடகவி. இப்போது 4096-க்கு ஒன்று, ஏழு லட்சத்துச் சொச்சம். அதுவும் அதிகம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி வேறு புரதங்களோடு சேர்ந்து குரோமாட்டினாகச் சுருண்டு மறைந்திருக்கும்.

பிடிக்கிற விதம்தான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு முனை டி.என்.ஏ.யின் பெரிய பள்ளத்துக்குள் நுழைந்து, இரட்டைச் சுருளைப் பிரிக்காமலேயே எழுத்துகளின் ஓரத்தைத் தடவிப் படிக்கும். மறு முனை கூட்டாளியோடு முறுக்கிக்கொள்ளும். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அங்கே ஏழாவது இடம்தோறும் பெரும்பாலும் லூசின் என்ற அமினோ அமிலம். ஏழு என்றால் புரதத்தின் சுருளில் ஏறக்குறைய இரண்டு சுற்று, அதனால் லூசின்கள் எல்லாம் ஒரே பக்கம் வரிசையாக நிற்கும். தண்ணீர் பிடிக்காத வரிசைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1988-இல் ஸ்டீவன் மெக்நைட் என்ற விஞ்ஞானியின் குழு முன்வைத்த யோசனை இது.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். பிழையுள்ள பிரதி தருகிற புரதத்தின் 419 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று, ஒரு ஆர்ஜினின், விடுபட்டிருக்கிறது. போனது டி.என்.ஏ.யைத் தொடுகிற முனையில். கூட்டாளியைப் பிடிக்கிற முனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் கெட்டது நல்லதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது-நல்லது ஜோடி கால் பங்கு, மீதி முக்கால் பங்கும் வீண். எலியில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரு பிரதி அடியோடு இல்லாத எலி பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது, இதே ஆர்ஜினினை இழந்த பிரதி ஒன்று இருந்தால் நிறம் மங்குகிறது. வேலையே செய்யாமல் நம்ம சிநேகிதன் ஜமீன் புராஜெக்டில் பெயர் மட்டும் சேர்த்துக்கொண்டது ஞாபகம் வருகிறதா? ஆளே இல்லாததைவிட அது மோசம்.

உடம்பே இந்த வித்தையை வேண்டுமென்றும் செய்யும். 1990-இல் கண்டுபிடித்த ஐடி புரதங்களுக்கு டி.என்.ஏ.யைத் தொடும் பகுதியே கிடையாது. மற்றதைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் உத்தியோகம்.

காதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்பாய். உள்காதிலும் நிறமிச் செல்கள் உண்டு. அங்குள்ள திரவத்தின் மின்னழுத்தம், சுமார் 80 மில்லிவோல்ட், அவற்றை நம்பித்தான் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் காது வேலை செய்யாது. கேள் நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவி பொருத்த ஏற்பாடு நடக்கிறது.

கால் பங்கு என்பது தோராயம். இந்தப் புரதம் டிஎஃப்ஈ3 போன்ற பங்காளிப் புரதங்களோடும் ஜோடி சேரும். பங்காளியின் அளவை ஒரு மாறியாக வைத்துச் சரியாகப் போட்டு அனுப்பு.

இன்னொன்று. மகன் பக்கமா, மருமகள் பக்கமா என்று அந்த வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இருவரையும் சோதித்தாயிற்று, இருவரிடமும் இல்லை. குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய பிறழ்வு அது. நான் சொன்னால் சமாதானம் சொல்கிறேன் என்று நினைக்கிறான் தாடி. நீ சொன்னால் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு, மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது.

உன்,
நெட்டை