நாலு நாள் திறந்து கிடந்த விண்டோ

மச்சான்,

தை பிறந்ததிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. காலபோக அறுவடை, அரிசி ஆலையில் இரவு பகல் தெரியவில்லை. அம்மாவுக்கு இப்போது சுகம். சின்னவனிடம் இதைக் காட்டாதே, ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

போன கிழமை எங்கள் எடைமேடைத் திரை நகராமல் நின்றது. வெளியே உழவு இயந்திரங்கள் பரந்தன் வீதியில் வரிசை. திரைக்குப் பின்னால் இருப்பது 12 வரி மட்டும் உள்ள டேபிள். மேடை நொடிக்கொரு தடவை, நாளுக்கு 86,400 தடவை, அதில் அப்டேட் போடும். எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரேஸ் பழைய வரியின் மேல் எழுதாது. புதிதாக ஒன்றை எழுதிவிட்டுப் பழையதைச் செத்ததாக விட்டுவிடும். அதை அள்ளுவது வாக்யூமின் வேலை. அதைத் தானாகவே செய்யும் ஆட்டோவாக்யூம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விவரம் சொல்லட்டும் என்று கையால் வாக்யூம் வெர்போஸ் போட்டேன்: செத்த வரிகள் மூன்று இலட்சத்துக்கு மேல், இன்னும் அகற்ற முடியாது என்றது.

கணக்குப் பெடியனைத்தான் ஏசினேன். பிறகு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்தால், 'ஐடில் இன் ட்ரான்சக்ஷன்', அதாவது ட்ரான்சக்ஷனைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா கிடக்கிறது, என்று ஒரு செஷன், தொடங்கி நாலு நாள். அது என் விண்டோ, மச்சான். கீரிச்சம்பா விலையை மாற்றிவிட்டு, அதை உறுதிசெய்து முடிக்கும் கமிட் போடுமுன் அம்மாவுக்கு மயக்கம் என்று போன் வர, முல்லைத்தீவுக்கு ஓடிவிட்டேன். அந்த விலையை வேறு எவரும் மாற்றப் போகவில்லை, அதனால் என் ட்ரான்சக்ஷன் அந்த வரியில் போட்ட பூட்டில் ஒருவரும் முட்டவில்லை. பெடியனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பரவாயில்லை அண்ணா என்றான்; எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

வயல்வெளியில் ஒருத்தன் அறுக்காமல் விட்டால் முழு வயலுக்கும் மாடு இறக்க முடியாதே, அதே கதை. விலை டேபிளுக்கும் மேடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பழைய ட்ரான்சக்ஷன் ஒன்று திறந்து கிடந்தால், அதற்குப் பிறகு செத்த எதையும் வாக்யூம் அள்ளாது.

கமிட் போட்டதும் அள்ளியது. கோப்பு மட்டும் சுருங்கவில்லை. அதைச் சுருக்கும் வாக்யூம் ஃபுல் டேபிளை முழுதாகப் பூட்டும் என்பதால், மேடை மூடிய பிறகு இரவில் ஓட்டினேன். இப்படிச் சும்மா கிடக்கும் செஷனைத் துண்டிக்க, போஸ்ட்கிரேஸ் 9.6 பதிப்பிலிருந்து இருக்கிற ஐடில் இன் ட்ரான்சக்ஷன் செஷன் டைம்அவுட்டையும் 10 நிமிடமாக்கினேன். நாம் தொடாவிட்டால் அது 0, எத்தனை நாளும் கிடக்கலாம்.

சரி, கொழும்பில் நீ ஓட்டும் அந்த ஆறு மணி நேர ரிப்போர்ட்? அதை இந்த டைம்அவுட் பிடிக்காது, அது சும்மா இருப்பதில்லையே. அவ்வளவு நேரமும் உன் டேபிள்களில் குப்பை குவியும். துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டு. என்ன செய்தாய் என்று இந்தக் கிழமையே எழுது.