கடோத்கஜனுக்கு அப்புறம் யார்? தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எனக்குப் பத்து வயதில் ஒரு மகள், ஏழு வயதில் ஒரு மகன். லீவு விட்டால் படத்துக்குப் போக வேண்டும். நாலு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று ஒரு தொகை கரையும். அதைப் பற்றிப் புகார் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு நடப்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஃபேன்டஸி படத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். போஸ்டரில் குதிரை, கோட்டை, வானத்தில் பறக்கிற ஏதோ ஒன்று. மகனே கை காட்டிக் கேட்ட படம். இடைவேளைக்குள் எத்தனை தலை உருண்டது என்று நான் எண்ணவில்லை. அவன் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துவிட்டான். மகள் விவரமானவள். சீட்டில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பிக்கொண்டு, புரொஜெக்டர் வெளிச்சத்தில் பறக்கிற தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "தூசி கலர் கலரா மாறுதுப்பா" என்றாள். அன்றைக்கு அவள் பார்த்த மாயாஜாலம் அது ஒன்றுதான்.

அந்த வாரமே வீட்டில் 'மாயா பஜார்' போட்டேன். 1957-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், ஓடாது என்றுதான் நினைத்தேன். கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போனதும் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கடோத்கஜன் கதாநாயகி வத்சலாவாக உருவம் மாறி வந்த பிறகு, சாவித்திரி ஆம்பளை மாதிரி மீசையை முறுக்காத குறையாக நடப்பார் பாருங்கள், அதை ரீவைண்ட் பண்ணச் சொன்னார்கள். படத்தில் ஒரு பெட்டி வரும். திறந்தால் அவரவர் விரும்புவது தெரியும். மறுநாள் காலையில் மகன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டி, "உனக்கு யார் தெரியுறாங்க?" என்று அக்காவைக் கேட்டான். "தோசை" என்றாள்.

அந்தப் படத்தை எடுத்த நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947-இல் அம்புலிமாமாவைத் தொடங்கியவர்கள். பத்து வருடம் மாதாமாதம் பிள்ளைகளுக்குக் கதை கொடுத்த கைகள். எந்த இடத்தில் பிள்ளை வாய் பிளக்கும், எங்கே கொட்டாவி விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் கதை விவாதத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கடைசியாக எப்போது உட்கார்ந்திருந்தது?

எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. 2023-இல் வந்த 'மாவீரன்' எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைகிற ஒரு பயந்தாங்கொள்ளி; அவன் காதுக்கு மட்டும் மேலேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. குரல் பேசினால் வீரம், நின்றால் உதறல். இப்படி மாயத்துக்கு ஒரு சட்டம் இருந்தால் பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொள்வார்கள். அவன் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் என் மகள் "இப்ப வரும் பாரு" என்றாள். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்திலும் வேற்றுக்கிரகத்து ஆள் திரையில் இருக்கும்வரை வீட்டில் யாரும் அசையவில்லை. ஆனால் நாயகனுக்குப் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், அதற்குள் இது ஓரமாகப் போய்விடுகிறது. "அது எங்கப்பா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

குடும்பப் படம் கதையே வேறு. அதில் பிள்ளைகள் இருப்பது, முதல் காட்சியில் ஸ்கூல் பை மாட்டிக்கொண்டு டாட்டா காட்டுவதோடு சரி. மீதி நேரம் பெரியவர்கள் அழுவார்கள். அதனால்தான் 2025-இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் அந்தப் பொடியன் முள்ளி பேசும்போதெல்லாம் தியேட்டரே நிமிர்ந்து உட்கார்ந்தது. இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம், கனமான சங்கதி. அதையும் பிள்ளையின் குறும்போடு சொல்ல முடிகிறதே. 2024 மே மாதம் வந்த 'குரங்கு பெடல்' இன்னும் எளிமை: ஒரு கிராமம், கோடை லீவு, வாடகை சைக்கிள். பார்க்க ஆசைப்பட்டோம். எங்கள் ஊரில் ஒரே ஒரு காலைக் காட்சி, அதுவும் சில நாளில் தூக்கிவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் மலையாளத்தில் 'லோகா' வந்தது. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிக் கதையை எடுத்து, அவளை இன்றைய பெங்களூரில் ஒரு பெண்ணாக நடமாட விட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லைதான். ஆனால் பாட்டி கதையை நம்பிப் பணம் போட்டிருக்கிறார்களே என்று இருந்தது. நமக்கு நீலி இல்லையா? திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் நீலி. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்தில் வந்து அழுதாளே, அந்தக் கண்ணீரைத்தான் இன்றைக்கும் நீலிக்கண்ணீர் என்கிறோம். எங்கள் அம்மா இதைச் சொல்லும்போது கள்ளி குழந்தையாகிற இடத்தில் குரலைத் தாழ்த்துவார். பிள்ளைகள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வார்கள், ஆனால் காதை மூட மாட்டார்கள். பயம் காட்ட ரத்தம் தேவைப்படவில்லை அவருக்கு.

இப்போது தணிக்கையில் தருகிற யு/ஏ சான்றிதழையும் வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். படம் முடிந்த பிறகு எது கிடைக்கிறது என்று பார்க்காமல், எழுத உட்காரும்போதே ஏழு என்று மேலே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஹீரோ வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும், ஒரே ஒரு மாயம் இருந்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று, விநியோகஸ்தர்களிடமும் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்துக்குச் சாயங்காலக் காட்சி கொடுக்க வேண்டும். லீவு நாளில் இரண்டு பேரையும் எழுப்பி, குளிப்பாட்டி, இட்லி ஊட்டிப் பத்து மணிக் காட்சிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எந்தக் கடோத்கஜனாலும் ஆகாத காரியம்.

இப்படிக்கு,
நாலு டிக்கெட் எடுக்கிற ஓர் அப்பா