மேஜர் சரவணன் பெயரில் ஒரு மருத்துவமனை: முன்னாள் படைவீரர் நலத்துறைக்குத் திறந்த மடல்

நலத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஹவில்தாரின் மகள் எழுதுகிறேன்.

தீபாவளியன்று அப்பா வீட்டில் தங்க மாட்டார். விடியற்காலையிலேயே வயலுக்குப் போய் இன்ஜின் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார். ஐப்பசி மழையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். ஆனாலும் பம்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜினை மட்டும் ஓடவிடுவார். "தண்ணியே வரல, எதுக்கும்மா ஓடுது?" என்று சின்ன வயதில் கேட்டேன். "சத்தத்துக்கு" என்றார் அம்மா. ஊரில் போடுகிற வெடி அவர் காதில் விழக் கூடாதே, அதற்காக. அப்பா 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய் வந்தவர்.

மாதாமாதம் இரண்டு பஸ் மாறி, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் (ECHS) பாலிகிளினிக் போகிறார். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கிடைக்கிறது. 2003-இல் இந்தத் திட்டம் வந்த பிறகு வைத்தியச் செலவு பெரிய பாரமாக இல்லை, அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் ராத்திரி தூங்குகிறீர்களா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்காமல் அவர் வாய் திறக்கிற ஆளும் இல்லை.

அமெரிக்காவில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், முன்னாள் வீரர்களுக்கான பெரிய மருத்துவமனைக்கு ஆடி மர்ஃபி பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில், 1945 ஜனவரியில், எரிந்துகொண்டிருந்த ராணுவ வண்டி மேல் ஏறி நின்று ஜெர்மன் படையைத் தனியாகத் தடுத்தவர். அப்போது வயது 19. அப்புறம் சினிமா நடிகரானார். அவ்வளவு பேர் வாங்கியும் தூக்கம் வரவில்லை. தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துப் படுத்திருக்கிறார், தூக்க மாத்திரைக்கு அடிமையாகி மீண்டிருக்கிறார். அதைப் பற்றி வெளிப்படையாகவும் பேசினார். அப்பா அப்படிப் பேச மாட்டார்.

நமக்குப் பெயருக்கா பஞ்சம்? திருச்சியில் வளர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் இருக்கிறார். 1999 மே 29, கார்கில் போரில் படாலிக் முனையில் உயிரை விட்டார். வீர் சக்ரா கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பனியில் கிடந்த அவர் உடலை, சண்டை நடுவிலும் விடாமல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். டெல்டாவில் அவர் பெயரில், படுக்கை வசதியோடு ஒரு மருத்துவமனை கட்டுங்கள்.

கட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'மனநலப் பிரிவு' என்று தனிப் பலகை மாட்டி மூலையில் ஒதுக்கிவிடாதீர்கள், அப்பா வாசலோடு திரும்பிவிடுவார். சுகர் பார்க்கும் டாக்டருக்குப் பக்கத்து அறையிலேயே அந்த டாக்டரும் உட்காரட்டும். தமிழ் பேசுகிறவராக, முடிந்தால் பட்டாளம் பார்த்தவராக இருக்கட்டும்.

தீபாவளிக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. நேற்றே போய் இரண்டு கேன் டீசல் வாங்கி வந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஹவில்தாரின் மகள்