கேன் ஆற்று ஷஜர் கற்கள்: சேகரிக்கச் செல்வோர் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் கேன் ஆற்றுப் படுகைக்குச் செல்லவிருப்போர், மழைக்கால வெள்ளம் வடிந்து கூழாங்கல் திட்டுகள் வெளிப்பட்ட பிறகே பயணத்தை வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். கல் எடுப்பதற்கு அனுமதி தேவையா என்பதை மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் முன்னரே விசாரித்துவிடுங்கள்.

ஷஜர் என்றால் மரம். உள்ளே மரக்கிளை போன்ற கோலம் தெரியும் அகேட் என்ற மணிக்கல்லுக்கு அதனால்தான் இந்தப் பெயர். ஆனால் கல்லுக்குள் தெரியும் கிளைகள் தாவரமோ புதைபடிவமோ அல்ல. மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் கிளை கிளையாகப் படிந்து உருவானவை. வெளியே மங்கிய தோலுடன் கிடக்கும் கல்லை நீரில் நனைத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், பால் நிற அகேட்டுக்குள் பெரணி இலை போல ஒரு கருங்கோடு பிரிந்து பிரிந்து நிற்பதைக் காணலாம். அந்த மகிழ்ச்சியில் அங்கேயே சுத்தியலால் உடைத்துவிட வேண்டாம். விரிசல் விழுந்தால் நல்ல கல் வீணாகிவிடும்.

அறுக்கும்போது, கிளைப் படிவம் விரிந்திருக்கும் தளத்துக்கு இணையாகவும் சற்று விலகியும் அறுத்து, பின்னர் சிறிது சிறிதாகத் தேய்த்து நெருங்குங்கள். மெல்லிய படிவம் ஒருமுறை தேய்ந்துபோனால் மீளாது. எக்காரணம் கொண்டும் தண்ணீர் விடாமல் அறுக்க வேண்டாம். அகேட் தூசி சிலிக்கா தூசியே. குஜராத்தின் காம்பாத்தில் அகேட் தேய்க்கும் தொழிலாளர்கள் பலரின் நுரையீரலை அது சிதைத்திருக்கிறது.

பாந்தா ஷஜர் கைவினை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ள கைவினைஞர்களிடம் ஒரு கல்லாவது விலைக்கு வாங்கி வாருங்கள்.