டெல்டா என்ற நாலாம் எழுத்து

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடுகிறது, நீயும் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அதனால் இதை எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நெதர்லாந்தில் உன்னோடு வேலை பார்க்கிற டச்சுப் பெண், "உங்கள் ஊரையும் டெல்டா என்றா சொல்வீர்கள்?" என்று கேட்டாள் என்றாயே. நல்ல கேள்வி. அவளுக்கு நீ விவரமாகச் சொல்ல வேண்டும்.

டெல்டா என்பது முதலில் ஒரு கிரேக்க எழுத்து, வரிசையில் நாலாவது. கிரேக்கர்கள் எழுத்துகளையே எண்களாகவும் வைத்துக்கொண்டார்கள். டெல்டா என்றால் 4. அந்த எழுத்தை அவர்கள் மத்தியதரைக் கடலோரத்து வணிகர்களான பினீசியர்களிடமிருந்து வாங்கினார்கள். அங்கே அதன் பெயர் தாலெத், அதாவது கதவு. கிரேக்கர்களிடம் வந்த பிறகு அது வெறும் எழுத்தின் பெயராகிவிட்டது. பெரிய எழுத்தாக எழுதினால் ஒரு முக்கோணம், அவ்வளவுதான்.

அந்த முக்கோணம் நிலத்துக்குப் பெயரானது எகிப்தில். கெய்ரோவுக்கு வடக்கே நைல் பிரிந்து, விரிந்து, மத்தியதரைக் கடலில் சேர்கிறது. கடலிலிருந்து தெற்கே பார்க்கிறவனுக்கு அது நிமிர்ந்து நிற்கிற டெல்டா. நம் பள்ளிக்கூட வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் தலைகீழாகத் தெரியும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் அந்த நிலத்தை டெல்டா என்றே எழுதுகிறார். எனக்கு அவரிடம் பிடித்தது பெயர் இல்லை, கணக்கு. இந்த நிலம் ஆறு கொண்டுவந்து போட்டது என்று அவர் புரிந்துகொண்டார். நைலைத் திருப்பி இப்போதைய செங்கடலுக்குள் விட்டால், இருபதாயிரம் வருஷத்துக்குள், ஏன் பத்தாயிரத்திலேயே, அதை மண்ணால் தூர்த்துவிடும் என்று எழுதினார். கருவி எதுவும் இல்லாத காலத்தில், வண்டலைப் பார்த்தே ஒரு மனிதர் இப்படி யோசித்திருக்கிறார்! வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சு கூட நிமிர்ந்து உட்காரும்.

கி.மு. 325இல் அலெக்சாண்டரின் படை சிந்து நதி வழியே கடலுக்கு இறங்கியது. சிந்துவின் முகத்துவாரமும் எகிப்தைப் போலவே ஒரு டெல்டா, அந்த ஊர்க்காரர்கள் அதைப் பட்டலா என்கிறார்கள் என்று பிற்காலத்தில் அர்ரியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். ஆக, ஒரு ஆற்றுக்கு மட்டும் உரிய பெயர் எல்லா ஆற்றுக்கும் பொதுவானதற்கு நம் துணைக்கண்டமும் ஒரு காரணம். இதை அந்தப் பெண்ணிடம் அவசியம் சொல்.

ஆனால் முக்கோணம் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கடலில் பறவைக் கால் மாதிரி விரல் விரலாக நீளுகிறது. போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ கடலையே பார்ப்பதில்லை, உள்நாட்டிலேயே பரந்து வற்றிவிடுகிறது. அதையும் டெல்டா என்றுதான் சொல்கிறார்கள். எங்கேயானாலும் நடப்பது ஒன்றே: சரிவு குறைகிறது, தண்ணீரின் வேகம் குறைகிறது, அது தூக்கி வந்த மண் கீழே விழுகிறது, விழுந்த மண்ணே வழியை மறிக்கிறது, ஆறு வேறு வழி தேடிப் பிரிகிறது.

நம் பக்கம் உனக்குத் தெரிந்ததுதான். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறே மறுபடி மூன்றாகிறது: பாமணியாறு, கோரையாறு, அப்புறம் வெண்ணாறு. அதற்குக் கீழே வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து கடைமடைக்குப் போகும்போது தண்ணீருக்காக ஜனங்கள் காத்துக் கிடக்கிறார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா, குறுவை உண்டா என்று கேட்காத வீடு இங்கே இல்லை. 2020இல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டபோது உன் அப்பா பேப்பரை இரண்டு தரம் வாசித்தார். கிரேக்க எழுத்து ஒன்று நம் நடவுக்காரப் பெண்கள் வாயில் "டெல்டா மாவட்டம்" என்று சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. இது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தருகிறது.

அப்பாவுக்கு டெல்டா என்றால் முதலில் நினைவு வருவது மோட்டார் கொட்டகை. பத்து ஹெச்பி மோட்டாரை நேரடியாகப் போட்டால் கரண்ட் எக்கச்சக்கமாக இழுக்கும். அதனால் மோட்டாருக்குள் இருக்கிற மூன்று கம்பிச் சுற்றையும் முதலில் ஸ்டாரில், அதாவது மூன்றின் ஒரு முனையும் ஒரே இடத்தில் சேரும்படி, இணைத்து ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 240 வோல்ட்தான் கிடைக்கும், இழுக்கும் கரண்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டருக்குள் "டக்" என்று சத்தம் வரும். அதுதான் டெல்டாவுக்கு மாறுவது. முனையோடு முனை சேர்த்தால் மூன்று சுற்றும் முக்கோணம்.

எனக்கோ டெல்டா என்றால் மாற்றம். "டெல்டா எக்ஸ்" என்று எழுதினால் எக்ஸ் எவ்வளவு மாறியது என்று பொருள். அதை டெல்டா பெருக்கல் எக்ஸ் என்று நினைத்து மேலும் கீழும் அடித்துவிடாத மாணவனை நான் பார்த்ததே குறைவு. சின்ன டெல்டா இன்னும் நுணுக்கம். கணக்கில் எல்லை என்ற பாடத்தில் எப்சிலான் என்ற இன்னொரு கிரேக்க எழுத்தோடு சேர்ந்து வந்து, "எவ்வளவு நெருங்கினால் போதும்?" என்ற கேள்விக்குப் பதிலாக நிற்கும். நீ அந்தப் பாடத்தை ஒரே மூச்சில் புரிந்துகொண்டவள்.

2021ஐ மட்டும் எழுதாமல் விட மனசு வரவில்லை. கொரோனா கிருமி வகைகளை நாடுகளின் பெயரால் அழைத்து அந்த ஜனங்களைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அந்த வருஷம் மே 31இல் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தது. இந்தியாவில் முதலில் தெரிந்த வகைக்கு டெல்டா வந்தது. நோக்கம் நல்லது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் தெருவில் அடுத்தடுத்து சாவு விழுந்த நாட்களில், நம் மண்ணின் பெயரையே டிவியில் நோயின் பெயராகக் கேட்பது தாங்கவில்லை. அதற்குப் போட்ட ஊசி இறங்கியதும் தோளில் இருக்கிற டெல்டாய்டு தசையில்தான். முக்கோணமாக இருப்பதால் அதற்கும் அந்தப் பெயர்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். நீ இருப்பது ரைன், மாஸ், ஸ்கெல்ட் என்ற மூன்று ஆறும் சேர்ந்து உண்டாக்கிய டெல்டா. 1953 ஜனவரி கடைசி ராத்திரி கடல் உள்ளே புகுந்து அங்கே 1,836 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் டெல்டா வேலைகள் என்ற பெயரிலேயே அணைகளும் தடுப்புகளும் கட்டினார்கள். கிழக்கு ஸ்கெல்ட் என்ற கழிமுகத்தை முழுக்க அடைத்துவிட இருந்தவர்களை மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் தடுத்ததால்தான் 62 மதகுகளோடு திறந்து மூடும் தடுப்பு வந்தது, 1986இல். புயல் இல்லாத நாளில் மதகு திறந்தே இருக்கும். அப்படியும் கடல் ஓதத்தின் வேகம் குறைந்து, திட்டுகளுக்கு மணலைத் திரும்பக் கொண்டுவர முடியாமல், உள்ளே மணல் திட்டுகள் கரைகின்றன; அதை உங்கள் ஊரில் மணல் பசி என்று சொல்கிறார்களாமே. நைலிலும் இதே கதை. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது, நைல் கடலில் சேர்கிற ரொசெட்டா பக்கம் கரை அரிக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன் கயல், டெல்டாவை முக்கோணமாகப் பார்க்காதே, மாற்றமாகப் பார். மண் வந்துகொண்டே இருந்தால்தான் அது டெல்டா. கல்லணையும் மேட்டூரும் இல்லாமல் நமக்குச் சோறு இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் வருவதைக் கணக்கு வைக்கிற நாம், வண்டல் வருவதைக் கணக்கு வைக்கிறோமா? நாகப்பட்டினம் கரையில் நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. நீ படித்த படிப்புக்கு இது தகுந்த வேலை.

அங்கே மணல் திட்டுகளுக்குத் திரும்ப மணல் கொண்டு போய்க் கொட்டுகிறார்கள் என்றாயே, அதை எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு காலம் நிற்கிறது என்று விசாரித்து எழுது. அப்பாவும் கேட்கச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அம்மா