உங்கள் படிவத்தில் இடுப்பளவு எங்கே?

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை முகாம் நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் கோவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருப்பவள். உங்கள் முகாம்களில் நடப்பதை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. என் கணவர் வேலை பார்க்கும் ஆலைக்கு வந்த முகாமில் உயரம், எடை, ரத்த அழுத்தம், கண் பார்வை ஆகியவற்றைப் பார்த்தார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்கு 25ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 'எடை இயல்பு' என்று பச்சை மையில் ஒரு முத்திரை. என் கணவருக்கு அந்த முத்திரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்தது. நான்காம் ஆண்டு முகாமுக்கு முன்பே, செருப்பு கடித்து அவர் இடது காலில் வந்த புண் ஏழு வாரங்கள் ஆகியும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 10.4. சர்க்கரை நோய் என்றார்கள். ஸ்கேனில் கல்லீரலிலும் கொழுப்பு.

அவருக்கு 44 வயது. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. பி.எம்.ஐ. 22.7. உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் அவருடைய பேண்ட்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருந்தன. ஒவ்வொரு தீபாவளிக்கும் இடுப்பைப் பிரித்துவிட்டேன். அதே பேண்ட்டில் தொடையைப் பிடித்தும் கொடுத்தேன். இடுப்பு இறுகியது, தொடை தொளதொளத்தது. என் அளவு நோட்டில் எல்லாம் தேதியோடு இருக்கிறது. தொடையிலும் கையிலும் சதை குறைய, வயிற்றில் கொழுப்பு ஏற, எடை முள் மட்டும் 64ஐ விட்டு நகரவில்லை. நான் படித்தவள் இல்லை. இதற்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்த நீங்கள் ஒரு முறைகூட அவர் இடுப்பில் நாடா வைக்கவில்லை.

அவருக்கு இப்போது மருத்துவம் பார்க்கும் மருத்துவர் படம் போட்டு விளக்கினார். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் அங்கேயே அடங்கிக் கிடக்கும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்வது அப்படி இருக்காது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து வரும் ரத்தக் குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சுரந்தும் வேலை செய்யாமல் போகிறது. நம் நாட்டவருக்கு மேலுக்கு ஒல்லியாகத் தெரியும்போதே இது நடக்கும் என்றார். புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வைத்து மருத்துவ இதழில் வெளியிட்டதை அவர்தான் சொன்னார். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இது வெளியாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

சர்க்கரை அபாயத்தைக் கணக்கிடச் சென்னையில் உருவான மதிப்பெண் முறையும் 2005இலிருந்து இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கே கேள்விகள். எடைக்கு அதில் இடமே இல்லை. அவருடைய முதல் முகாமின் நிலையை வைத்து நானே கூட்டிப் பார்த்தேன். வயதுக்கு 20, 37 அங்குல வயிற்றுக்கு 10, நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலைக்கு 30, அவர் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததற்கு 10. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே அபாயம் அதிகம் என்று பொருள். ஒரு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் அந்தச் சீட்டு அவருக்கும் கிடைத்திருக்கும்.

உங்கள் முத்திரை எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். 'தொப்பை வைக்கிறதே, சாயங்கால பஜ்ஜியை விடுங்கள்' என்று நான் சொன்ன போதெல்லாம் அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார். ரேஷன் அட்டையோடு பத்திரமாக வைத்திருந்தார். டாக்டரே எழுதிக் கொடுத்ததற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? இன்று அந்தக் காலுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் பிரித்துக் கட்டுகிறேன். 'ஒல்லியான ஆளுக்குச் சர்க்கரையா?' என்று கேட்காத உறவினர் இல்லை. ஏதோ ரகசியக் கெட்ட பழக்கம் வெளிப்பட்டதுபோல அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதே ஆலையில் என் வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். இடுப்பெலும்புக்குக் கீழே அகன்ற உடல்வாகு, இடை சிறுத்தது. அவருக்குச் சீட்டு கொடுத்தீர்கள், பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வரிசையில் எல்லோர் முன்னாலும் 'உடம்பைக் குறையுங்கள் அம்மா' என்று உரக்கச் சொன்னார்களே, அது எந்த மருத்துவம்? பெண்களின் உடம்பைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஏற்கெனவே ஆள் அதிகம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் சேர்ந்துகொள்ள வேண்டுமா? ஐயாயிரத்துக்கு ஒரு பரிசோதனைத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கு ஒன்று என்று சாலையெங்கும் பலகை வைக்கிறீர்கள். சில ரூபாய் அளவு நாடா எந்தத் தொகுப்பிலும் இல்லையா?

குரல் உயர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறிய காரியம். உங்கள் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற வரம்பை எட்டியவர் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொடுக்க வேண்டும். கிராமத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரின் அரசுப் படிவத்தில் அந்த வரி இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய ஆய்வில், பி.எம்.ஐ. கணக்குப்படி பொது உடல் பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. எடையை மட்டும் பார்த்து அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் என் கணவரைப் போன்றவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பேண்ட் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். தொப்பை வைத்த ஆண்கள் பேண்ட்டை அதற்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். என் கணவரின் பேண்ட் 34தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், நாடா இறுகாமல் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். உங்கள் ஊழியர்களுக்குப் பழக்கமில்லையென்றால் நான் வந்து சொல்லித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

ஆலையில் அடுத்த முகாம் தை மாதம் என்கிறார்கள். படிவம் அச்சுக்குப் போவதற்கு முன் இடுப்பளவுக்கு அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்கடைக்காரி,
கோவை